எதை எண்ணுகிறது உங்கள் சர்வர் உரிமம்?

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகம் புதிதாக சர்வர் வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி விற்பனையாளரிடமிருந்து கொட்டேஷன் வருகிறது. முதல் வரி சர்வர் பெட்டியின் விலை. அது எல்லோருக்கும் புரியும். அடுத்த மூன்று வரிகளில்தான் குழப்பம் தொடங்குகிறது. ‘விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு, 16 கோர்’, ‘யூசர் கேல், 12’, ‘ஆர்டிஎஸ் யூசர் கேல், 12’. கையால் தொட்டுப் பார்க்க முடியாத இந்த மூன்றின் தொகை, சில நேரங்களில் பெட்டியின் விலைக்கு அருகிலேயே வந்து நிற்கும்.

இந்த இடத்தில் சிறு அலுவலகங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றன. “கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று அந்த வரிகளை அடித்துவிடுவது ஒரு வழி. கேள்வி கேட்கத் தயங்கி, தேவையில்லாததற்கும் சேர்த்துப் பணம் கட்டுவது இன்னொரு வழி. முன்னது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். பின்னது வீண் செலவு. இரண்டும் ஒரே அறியாமையிலிருந்து பிறப்பவை. ஒவ்வோர் உரிமமும் ஏதோ ஒன்றை எண்ணி விலை போடுகிறது: கோர், ஆள், சாதனம், இணைப்பு. எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொண்டால் விலையும் புரியும், எங்கே குறைக்கலாம் என்பதும் தெரியும்.

வாங்குவது மென்பொருளை அல்ல

சர்வர் பெட்டி நம் சொத்து. அதை விற்கலாம், பிரிக்கலாம், பக்கத்து அறைக்கு மாற்றலாம். அதில் ஓடும் மென்பொருள் அப்படிப்பட்டதல்ல. அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே நாம் பெறுகிறோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரு நாவலை விலைகொடுத்து வாங்கியவர் அதை அச்சடித்து விற்க உரிமை பெற்றுவிடுவதில்லை. நிரலுக்கும் அதே நீதிதான். பயனர் உரிமத்தோடு மென்பொருளை வாங்குவதால் அதன் பதிப்புரிமை வாங்குபவருக்கு மாறிவிடுவதில்லை என்பதை, வரி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2021 மார்ச்சில் தெளிவாகச் சொன்னது.

அந்த அனுமதியும் ஒரே வகையானதல்ல. புதிய சர்வரோடு சேர்த்து, அதன் தயாரிப்பாளர் வழியாக வரும் ‘ஓஇஎம்’ உரிமம் அந்தப் பெட்டியோடு கட்டுண்டது. மதர்போர்டு பழுதாகி வேறு சர்வர் வாங்கினால் பழைய உரிமம் புதிய பெட்டிக்கு வராது. தொகுப்பு உரிமம் எனப்படும் ‘வால்யூம் லைசென்ஸ்’ விலை கூடுதல். ஆனால் அதை வேறு சர்வருக்கு மாற்றிக்கொள்ளலாம். பொதுவாக ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையே 90 நாள் இடைவெளி வேண்டும் என்பது விதி. ஐந்தாறு ஆண்டுகளில் பெட்டியை மாற்றப்போவது உறுதி என்றால் இந்த வேறுபாட்டை வாங்கும் அன்றே கணக்கில் சேர்க்க வேண்டும்.

விலை தனியாகப் பிரிந்த நாள்

மென்பொருளுக்குத் தொடக்கத்தில் தனி விலை இருந்ததில்லை. 1960களில் பெரிய கணினியை வாடகைக்கு எடுத்த நிறுவனங்களுக்கு நிரல்களும் பயிற்சியும் பழுதுபார்ப்பும் அந்தக் கணினியின் வாடகையோடு சேர்ந்தே வந்தன. 1969 ஜூன் 23 அன்று ஐபிஎம் நிறுவனம் தன் மென்பொருள்களில் பலவற்றுக்கும் சேவைகளுக்கும் இனித் தனித்தனியாக விலை வைப்பதாக அறிவித்தது. அமெரிக்க அரசின் ஏகபோகத் தடுப்பு வழக்கு அப்போது அந்நிறுவனத்தின் மேல் இருந்தது. அந்த அறிவிப்புக்குப் பின்னரே மென்பொருளை மட்டும் எழுதி விற்கும் தொழில் முழு வீச்சில் வளர்ந்தது.

தனி விலை என்று ஆனவுடன் ஒரு கேள்வி எழுந்தது. இரும்புக்கு எடை உண்டு, துணிக்கு மீட்டர் உண்டு. நகலெடுக்கச் செலவே ஆகாத ஒரு பொருளை எந்த அளவுகோலால் அளப்பது? கணினியின் திறனுக்கு ஏற்ப விலை, பயன்படுத்துவோர் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை என்று ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டது. சர்வர் மென்பொருளில் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்த அளவுகோல் ‘புராசஸர்’. ஒரு பலகையில் எத்தனை புராசஸர் செருகியிருக்கிறதோ அத்தனைக்கு உரிமம். எண்ணுவதும் எளிது. அந்த எளிய கணக்கைக் குலைத்தது இயற்பியல்.

வெப்பம் மாற்றிய கணக்கு

1974இல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். டிரான்சிஸ்டர்களின் அளவைச் சுருக்கும்போது அவற்றுக்குத் தரும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போகலாம். அப்படிச் செய்தால் ஒரு சதுர மில்லிமீட்டரில் உண்டாகும் வெப்பம் ஏறாது, வேகமோ கூடும் என்பது அதன் சாரம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கணினித் தொழில் இந்த விதியின் தோளில் ஏறிப் பயணித்தது. சில மெகாஹெர்ட்ஸில் ஓடிய புராசஸர்கள் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டின.

2004ஐ ஒட்டி அந்தப் பயணம் முட்டி நின்றது. டிரான்சிஸ்டர் மிகவும் சிறியதாகிவிட்டால், அது ‘அணைந்து’ இருக்கும் நேரத்திலும் மின்சாரம் கசிகிறது. மின்னழுத்தத்தை மேலும் குறைக்கப்போனால் கசிவு பல மடங்கு ஏறுகிறது. ஆகவே அழுத்தத்தைக் குறைக்க முடியவில்லை. வேகத்தைக் கூட்டினாலோ சில்லு கொதிக்கிறது. இன்டெல் தன் அடுத்த அதிவேகப் புராசஸர் திட்டமான ‘தேஜஸ்’ஸை 2004 மே மாதம் கைவிட்டது.

பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். ஒரு சில்லில் உண்டாகும் வெப்பம் அதன் வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தைச் சற்றுக் குறைத்தால் அழுத்தத்தையும் குறைக்கலாம். வெப்பம் வெகுவாக இறங்கும். மிச்சமாகும் வெப்ப அளவில் இன்னொரு கணிப்பான் அலகையே அதே சில்லில் வைத்துவிடலாம். அந்த அலகுதான் ‘கோர்’. ஐபிஎம் 2001இலேயே பவர்4 சில்லில் இரண்டு கோர்களை வைத்திருந்தது. 2005இல் இன்டெல்லும் ஏஎம்டியும் இரட்டைக் கோர் புராசஸர்களைச் சாதாரண மேசைக் கணினிகளுக்கும் கொண்டுவந்தன.

இதற்குப் பிறகு ‘ஒரு புராசஸர்’ என்ற அளவுகோலுக்குப் பொருள் இல்லாமல் போயிற்று. இரண்டு கோர் கொண்டதும் ஒரு புராசஸர். 2024இல் ஏஎம்டி வெளியிட்ட 192 கோர் கொண்டதும் ஒரு புராசஸர். மைக்ரோசாஃப்ட் 2004இல் “கோர் எத்தனை இருந்தாலும் புராசஸருக்கே விலை” என்று அறிவித்திருந்தது. ஆனால் கோர்களின் எண்ணிக்கை ஏற ஏற அந்த நிலையை அதனால் காக்க முடியவில்லை. 2012இல் அதன் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் கோர் கணக்குக்கு மாறியது; விண்டோஸ் சர்வர் 2016 பதிப்போடு மாறியது. கொட்டேஷனில் ‘16 கோர்’ என்ற சொல் இடம்பிடித்த கதை இதுதான்.

கோர் கணக்கின் மூன்று விதிகள்

விண்டோஸ் சர்வரின் கோர் கணக்கில் மூன்று விதிகளை நினைவில் வைத்தால் போதும். பெட்டியில் உள்ள எல்லா நிஜக் கோர்களுக்கும் உரிமம் வேண்டும் என்பது முதல் விதி. ‘ஹைப்பர் திரெடிங்’ வசதியால் ஒரு கோர் இரண்டாகத் தெரிந்தாலும் அது ஒன்றுதான். எவ்வளவு சிறிய புராசஸராக இருந்தாலும் அதற்குக் குறைந்தது 8 கோர் என்று கணக்கு வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது விதி, ஒரு சர்வருக்கு மொத்தத்தில் குறைந்தது 16 கோர்.

நான்கு கோர் கொண்ட ஒரே ஒரு புராசஸர் உள்ள சின்ன சர்வருக்கும் 16 கோர் உரிமம்தான். 16 கோர் உள்ளதற்கும் அதே 16. ஆகவே நான்கு கோர் சர்வர் வாங்கி உரிமத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணுவது நடக்காது. மறுபுறம், விற்பனையாளர் “இன்னும் கொஞ்சம் போட்டால் 24 கோர் கிடைக்கும்” என்று சொன்னால் உஷாராக வேண்டும். பெட்டியின் விலை கொஞ்சம்தான் ஏறும். உரிமத்தின் விலையோ ஒன்றரை மடங்காகும். கணக்கு மென்பொருள், கோப்புப் பகிர்வு, அச்சிடுதல் என்று பன்னிரண்டு பேர் செய்யும் வேலைக்கு, கோர் குறைவாகவும் ஒவ்வொரு கோரும் வேகமாகவும் இருக்கும் புராசஸரே ஏற்றது. பல சிறு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு கோர்களுக்கு மேல் பயன்படுத்துவதே இல்லை. மிச்சமாகும் பணத்தில் நினைவகத்தையும் நல்ல எஸ்எஸ்டியையும் கூட்டினால் வேலை செய்பவர்கள் வேறுபாட்டை உணர்வார்கள்.

ஒரு பெட்டிக்குள் பல சர்வர்

ஒரே இரும்புப் பெட்டிக்குள் மென்பொருளின் உதவியால் பல ‘மெய்நிகர் கணினி’களை ஓட்டும் நுட்பம் இன்று சிறு அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. பயனர் பெயர்களையும் கோப்புகளையும் ஒரு மெய்நிகர் கணினி கவனிக்கும்; கணக்கு மென்பொருளை இன்னொன்று பார்த்துக்கொள்ளும். ஒன்றில் கோளாறு வந்தால் மற்றது பாதிக்கப்படாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காப்பு நகல் எடுக்கலாம்.

ஸ்டாண்டர்டு பதிப்பில் பெட்டியின் எல்லாக் கோர்களுக்கும் ஒருமுறை உரிமம் வாங்கினால் அதற்குள் இரண்டு விண்டோஸ் சர்வர்களை மெய்நிகராக ஓட்டலாம். அவற்றைத் தாங்கி நிர்வகிக்க மட்டும் அடியில் ஒரு விண்டோஸ் சர்வர் இருந்துகொள்ளலாம். அதற்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. மூன்றாவது, நான்காவது மெய்நிகர் சர்வர் வேண்டுமென்றால் எல்லாக் கோர்களுக்கும் மறுபடி ஒருமுறை உரிமம் வாங்க வேண்டும். டேட்டாசென்டர் பதிப்புக்கு இந்த வரம்பு கிடையாது. 2025 பதிப்பின் 16 கோர் உரிமத்துக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த பட்டியல் விலை ஸ்டாண்டர்டுக்கு 1,176 டாலர், டேட்டாசென்டருக்கு 6,771 டாலர். கணக்குப் போட்டால், பத்து மெய்நிகர் சர்வர்கள் வரை ஸ்டாண்டர்டை அடுக்கடுக்காக வாங்குவதே மலிவு. பத்தைத் தாண்டினால்தான் டேட்டாசென்டர் லாபம். சிறு அலுவலகம் அந்த எண்ணிக்கையை எட்டப்போவதில்லை. லினக்ஸ் ஓடும் மெய்நிகர் கணினிகள் இந்தக் கணக்கிலேயே சேராது.

ஆளுக்கா, சாதனத்துக்கா?

அடுத்தது ‘கேல்’ எனப்படும் அணுகல் உரிமம். சர்வருக்கே பணம் கட்டிய பிறகு, அதை அணுகுபவருக்கும் தனியாக ஏன் கட்ட வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் வாடகை வேறு, இலைக் கணக்கு வேறு அல்லவா? கோர் உரிமம் மண்டப வாடகை. கேல் இலைக் கணக்கு. சர்வரின் கோப்புகளையோ பயனர் சரிபார்ப்பையோ பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் கேல் வேண்டும்.

இதில் யூசர் கேல், டிவைஸ் கேல் என்று இரண்டு வகை உண்டு. யூசர் கேல் ஓர் ஆளுக்கு உரியது. அவர் மேசைக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி என எத்தனை சாதனங்களிலிருந்தும் சர்வரை அணுகலாம். டிவைஸ் கேல் ஒரு சாதனத்துக்கு உரியது. அதில் எத்தனை பேர் வேண்டுமானாலும் மாறி மாறி உட்காரலாம். ஆடிட்டர் அலுவலகத்தில் பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மேசைக் கணினியும் ஒரு மடிக்கணினியும் வைத்திருந்தால் யூசர் கேல் 12 போதும்; டிவைஸ் கேல் என்றால் 24 ஆகும். மூன்று ஷிஃப்ட் நடக்கும் ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் நான்கு கணினிகளைப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தினால் கணக்கு தலைகீழாகிறது: டிவைஸ் கேல் 4, யூசர் கேல் 12. ஆட்கள் அதிகமா சாதனங்கள் அதிகமா என்று பார்த்து, குறைவானதை எண்ணும் கேலை வாங்க வேண்டும். ஒரே அலுவலகத்தில் இரண்டையும் கலந்தும் வாங்கலாம்.

வேலையை விட்டுப் போனவரின் கேலை அவருக்குப் பதில் வந்தவருக்கு மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வாங்க வேண்டியதில்லை. கேலுக்கும் பதிப்பு எண் உண்டு. 2025 கேல் இருந்தால் பழைய பதிப்புகளையும் அணுகலாம். 2019 கேலை வைத்துக்கொண்டு 2025 சர்வரை அணுக முடியாது. ஆகவே சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது கேலையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இடையில் ஒரு மென்பொருளை வைத்துத் தலைகளைக் குறைத்துக்காட்டும் வழியும் செல்லாது. இருபது பேர் ஒரு பில்லிங் மென்பொருள் வழியாக வேலை செய்கிறார்கள். அந்த மென்பொருள் ஒரே ஒரு பயனர் பெயரில் சர்வருக்குள் நுழைகிறது. அப்போதும் தேவைப்படும் கேல் 20தான்.

வழக்கமான கேலை விண்டோஸ் சர்வர் தானாக எண்ணுவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 12 கேல் வாங்கியிருக்கும் இடத்தில் பதின்மூன்றாவது ஆள் நுழைந்தாலும் சர்வர் தடுக்காது. தடுக்காததால் தேவையில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கணக்கு வைக்கும் பொறுப்பு முழுக்க வாங்கியவருடையது. தணிக்கை வந்தால் காட்ட வேண்டியவரும் அவரே.

வெளியிலிருந்து வேலை

டேலி போன்ற கணக்கு மென்பொருளை சர்வரிலேயே நிறுவி, வீட்டிலிருந்தும் வாடிக்கையாளர் இடத்திலிருந்தும் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ வழியே நுழைந்து வேலை செய்வது நம் ஊர் ஆடிட்டர் அலுவலகங்களில் இன்று சாதாரணம். திரையும் விசைப்பலகையும்தான் பணியாளரிடம். கணக்கிடும் வேலை முழுவதும் சர்வரில். இப்படி நுழையும் ஒவ்வொருவருக்கும் சாதாரண கேலோடு கூட ஆர்டிஎஸ் கேல் என்ற இரண்டாவது உரிமமும் வேண்டும்.

விண்டோஸ் சர்வர் இரண்டு ரிமோட் இணைப்புகளை உரிமம் கேட்காமல் அனுமதிக்கிறது. அது நிர்வாகிக்கு, அதாவது சர்வரைச் சரிபார்ப்பவருக்கு, தரப்பட்ட சலுகை. இரண்டு பணியாளர்களை அதில் உட்காரவைத்து வவுச்சர் போடச் சொல்வது விதிமீறல். ஆர்டிஎஸ் வசதியை நிறுவியதும் 120 நாள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் உரிமங்களைப் பதிவு செய்யாவிட்டால் இணைப்புகள் மறுக்கப்படும். சாதாரண கேலைப் போல் இது காகிதத்தில் மட்டும் இருக்கும் கணக்கன்று. நான்கு மாதம் நன்றாக ஓடிய சர்வர் திடீரென்று ஒருநாள் யாரையும் உள்ளே விடாமல் நின்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

செலவைக் குறைக்க நேர்மையான வழியும் இங்கே இருக்கிறது. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர்தான் ரிமோட் வழியே வேலை செய்கிறார்கள் என்றால் ஆர்டிஎஸ் கேல் 5 வாங்கினால் போதும். ‘எல்லோருக்கும் 12’ என்று கொட்டேஷனில் எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள். கணக்கு மென்பொருளின் உரிமமும் தனி என்பதை மறக்கக் கூடாது. டேலிபிரைமில் சில்வர் ஒருவருக்கு, கோல்டு ஒரே அலுவலக வலையில் பலருக்கு.

உரிமமே தேவைப்படாத இடங்கள்

கோப்புகளைப் பொதுவாக ஓரிடத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்வது மட்டுமே தேவை என்றால் விண்டோஸ் சர்வர் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. விண்டோஸ் 11 ப்ரோ உள்ள சாதாரணக் கணினியில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால், அதன் உரிமமே 20 சாதனங்கள் வரை இணைய அனுமதிக்கிறது. ஆறு பேர் உள்ள அலுவலகத்துக்கு அது தாராளம்.

பயனர் நிர்வாகமும் வேண்டும், ஆட்களும் குறைவு என்றால் விண்டோஸ் சர்வர் எசென்ஷியல்ஸ் பதிப்பு இருக்கிறது. அதில் 25 பயனர்கள், 50 சாதனங்கள் வரை கேல் கிடையாது. 2022 பதிப்பு சர்வர் தயாரிப்பாளர்கள் வழியாக மட்டுமே கிடைக்கிறது. அதுவும் 10 கோருக்கு மிகாத ஒற்றைப் புராசஸர் உள்ள பெட்டிகளுக்கு. கேட்காவிட்டால் கொட்டேஷனில் இது தானாக வந்து சேராது.

சினாலஜி, க்யூநாப் போன்ற நிறுவனங்களின் ‘நாஸ்’ பெட்டிகள் மூன்றாவது வழி. உள்ளே ஓடுவது லினக்ஸ். அதனால் கேல் கணக்கு அங்கே எழாது. விண்டோஸ் கணினிகள் இந்தப் பெட்டிகளோடு பேசுவதற்கு வழி செய்யும் மென்பொருள் ‘சம்பா’. அதன் வரலாறு உரிமம் பற்றிப் பேசும் எவரும் அறிய வேண்டியது.

சம்பாவும் ஜிபிஎல்லும்

1991–92இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கணினிகளுக்கு இடையே வலையில் போய்வரும் தகவல் பொட்டலங்களைக் கவனித்து, அந்த உரையாடலின் இலக்கணத்தைத் தானே கண்டறிந்து ஒரு கோப்புப் பகிர்வு நிரலை எழுதினார். யாருடைய நிரலையும் அவர் நகலெடுக்கவில்லை. பின்னாளில் ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாஃப்டின் மேல் எடுத்த ஏகபோகத் தடுப்பு நடவடிக்கையில், இந்த நெறிமுறைகளின் விவரங்களைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்பதும் ஒரு பகுதி. 2007 டிசம்பரில், ஒரு முறை 10,000 யூரோ கட்டி சம்பா குழுவின் சார்பில் அந்த ஆவணங்கள் பெறப்பட்டன. 2012இல் வந்த சம்பா 4, விண்டோஸ் வலையின் பயனர் நிர்வாகத்தையும் தானே நடத்தும் திறன் பெற்றது.

சம்பாவும் லினக்ஸ் கெர்னலும் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வருகின்றன. கட்டற்ற மென்பொருளுக்கு உரிமமே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் முதலில் வெளியிட்ட இந்த உரிமமும் பதிப்புரிமைச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது. நிரலை இயக்குவதற்கு அது எந்தக் கணக்கும் கேட்பதில்லை: கோர், ஆள், சாதனம் எதையும் எண்ணாது. நிரலைப் பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்கும்போதுதான் மூல நிரலையும் தர வேண்டும் என்ற கடமை வருகிறது. தன் அலுவலகத்துக்குள் பயன்படுத்துபவருக்கு அந்தக் கடமையும் இல்லை.

ஆனால் உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. நிறுவவும் பராமரிக்கவும் தெரிந்த ஆள் வேண்டும். எந்த வெளியீடு எத்தனை ஆண்டு பராமரிக்கப்படும் என்பதையும் பார்க்க வேண்டும். 2029 வரை புதுப்பிப்புகள் வரும் என்று நம்பி பல நிறுவனங்கள் சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் வெளியீட்டை நிறுவியிருந்தன. 2020 டிசம்பரில் ரெட் ஹேட் தன் திட்டத்தை மாற்றி, 2021 இறுதியோடு அதை முடித்துக்கொண்டது. அதன் இடத்தை நிரப்ப அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்தன. கட்டண மென்பொருளிலும் இதே ஆபத்து உண்டு. மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி என்றென்றும் வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனையை நிறுத்திவிட்டு, சந்தா முறைக்கு மாறியது. உரிமத்தின் விதியை வாங்கும் நாளில் படித்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கொரு முறை திரும்பப் படிக்க வேண்டும்.

தரவுத்தளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பல பில்லிங் மென்பொருள்களின் அடியில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் பதிப்பு இலவசம். ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளம் 10 ஜிபி அளவைத் தாண்ட முடியாது. தாண்டினால் புதிய பதிவுகள் ஏறாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த எல்லை நெருங்குகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல், மரியாடிபி ஆகியவற்றுக்கு அப்படி ஓர் உரிம எல்லை இல்லை; நீங்கள் வாங்கும் மென்பொருள் அவற்றோடு வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

சில நூறு ரூபாய்ச் சாவிகள்

இணையத்தில் சர்வர் மென்பொருளின் ‘ஒரிஜினல் கீ’ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போட்டதும் ஆக்டிவேட் ஆகிறது. ஆனால் ஆக்டிவேட் ஆவதும் உரிமம் இருப்பதும் ஒன்றல்ல. பெரிய நிறுவனத்துக்கோ கல்வி நிலையத்துக்கோ தரப்பட்ட தொகுப்புச் சாவியை யாரோ பிரித்து விற்றிருக்கலாம். அது என்றைக்கு முடக்கப்படும் என்று தெரியாது. பில்லும் இராது, உங்கள் பெயரில் உரிமப் பத்திரமும் இராது.

சட்டமும் கடுமையானது. திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வணிக நோக்கமோ லாப நோக்கமோ இல்லாமல் பயன்படுத்தியவருக்கு நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம்; தொழில் நடத்தும் அலுவலகம் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. அதே சட்டம் முறையாக வாங்கியவருக்குத் துணையாகவும் நிற்கிறது. இழப்பிலிருந்து காத்துக்கொள்ள நிரலின் காப்பு நகலை எடுத்துவைக்க 52ஆம் பிரிவு அனுமதி தருகிறது.

சட்டத்தைவிட அருகில் இருக்கும் ஆபத்து பாதுகாப்பு. போலியாக ஆக்டிவேட் செய்தவர்கள் பலர், குட்டு உடைந்துவிடுமோ என்று புதுப்பிப்புகளை நிறுத்திவைக்கிறார்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பிணைத்தொகை நிரல் உலகெங்கும் பரவியது. அது நுழைந்த வழி விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓர் ஓட்டை. அதை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத காலம் அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே பெரும்பாலும் பலியாயின. ஓர் அலுவலகத்தின் ஒட்டுமொத்தக் கணக்கும் இருக்கும் சர்வரில் இந்த விஷப்பரீட்சை கூடாது.

முறையாக வாங்கிய உரிமத்துக்கும் புதுப்பிப்பு என்றென்றைக்கும் வராது. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2வுக்கு 2023 அக்டோபர் 10 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12, 2019 பதிப்புக்கு 2029 ஜனவரி 9, 2022 பதிப்புக்கு 2031 அக்டோபர் 14 கடைசி நாள். பழைய பதிப்பைத் தள்ளுபடியில் வாங்கும்போது மீதமிருக்கும் ஆண்டுகளால் விலையை வகுத்துப் பாருங்கள். தள்ளுபடி உண்மையா என்று தெரிந்துவிடும்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டிய கேள்விகள் இவை. இந்த உரிமம் கோரை எண்ணுகிறதா, ஆளையா, சாதனத்தையா? பெட்டி மாறினால் உரிமமும் கூட வருமா? ஒருமுறை கட்டணமா, ஆண்டுச் சந்தாவா, சந்தா நின்றால் என் தரவு எனக்குக் கிடைக்குமா? புதுப்பிப்புகள் எந்தத் தேதி வரை வரும்? இன்னும் ஐந்து பேர் சேர்ந்தால் கூடுதலாக எதை வாங்க வேண்டும்?

பதில்களை ஒரு பதிவேட்டில் எழுதிவையுங்கள். மென்பொருளின் பெயரும் பதிப்பும், உரிமத்தின் வகை, எண்ணிக்கை, பில் எண், ஆதரவு முடியும் தேதி, யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேரும்போதும் ஒருவர் விலகும்போதும் அதில் ஒரு வரி மாற வேண்டும். அதன் ஒரு நகல் சர்வருக்கு வெளியே இருக்கட்டும். சர்வர் படுத்துவிட்டால் முதலில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

உரிமக் கட்டணத்தைத் தொலைதேசத்துப் பெருநிறுவனங்களுக்குப் போகும் பணமாக மட்டும் பார்க்க வேண்டாம். ரைஸ் மில்லுக்கும் ஜவுளிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் ஏற்ற பில்லிங் மென்பொருளை நம் ஊர்களில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதி விற்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைக் காப்பதும் இதே பதிப்புரிமைச் சட்டம். சம்பாவையும் லினக்ஸையும் எழுதி எல்லோருக்கும் பொதுவாக வைத்தவர்களின் விருப்பத்தை மதிக்கச் செய்வதும் அதே சட்டம். பணம் கட்டும் மென்பொருளைச் சரியாக எண்ணி வாங்குவோம். கட்டணமில்லாத மென்பொருள் போதும் என்றால் அதைத் தெரிந்தே தேர்ந்தெடுப்போம். இரண்டுமே சிறு அலுவலகத்தின் கைக்கு எட்டும் வழிகள்தான்.